பேருக்குப் பிணை நின்றவர்கள்

புலவன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளலாமா? 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இந்தக் கேள்விக்கு நேராகவே விடை சொல்லியிருக்கிறார். யாரும் செய்யாத நூலைச் செய்து பல துறைகளில் கரை கண்டவனாக இருந்தாலும் தற்புகழ்ச்சி தகாது என்பது அவர் வகுத்த விதி. அடுத்த நூற்பாவிலேயே அதற்கு விலக்குகளும் தருகிறார். அரசனின் அவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் இருக்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்திலும், எதிராளி தன்னைப் பழிக்கும்போதும் புலவன் தன் பெருமையைத் தானே பேசலாம். ஓர் இலக்கண நூல் தன் பாயிரத்தில் இதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறது. பெயரை நிலைநாட்டுவதும் அதற்காக ஆள் தேடுவதும் அந்தக் காலத்துப் புலவருக்கு அன்றாடக் கவலையாக இருந்தன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

லிங்க்ட்இன், இன்ஸ்டாகிராம் காலத்தில் 'பர்சனல் பிராண்டிங்' என்று சொல்லிக்கொடுக்கப்படும் கலை நமக்கு அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதை வெறுப்பவர்களும் விரும்புபவர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. தமிழ்ப் புலமை உலகம் பல நூற்றாண்டுகளாகப் பெயரைக் கட்டியெழுப்பும் தொழிலை நுட்பமாகச் செய்துவந்திருக்கிறது. ஆனால் அதன் மையத்தில் நின்றவர் பெயர் பெற வந்தவர் அல்லர். அவருக்காகப் பிணை நின்ற இன்னொருவர். பிணை நின்றவர் தன் பெயரையும் பணயம் வைத்தார். அந்தப் பணயம் பெரிதாக இருந்த இடங்களில் வழக்கம் செழித்தது. அது சிறுத்த இடங்களில் வெற்று ஆரவாரமாயிற்று.

சங்க இலக்கியத்தில் இதற்கென்றே ஒரு வகை உண்டு. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகள். அவற்றில் திருமுருகாற்றுப்படை முருகனிடம் வழிப்படுத்துவது. மற்ற நான்கும் பாணரையும் பொருநரையும் கூத்தரையும் வள்ளலிடம் அனுப்பிவைப்பவை. பரிசு பெற்றுத் திரும்புகிறவன் வழியில் எதிர்ப்படும் வறியவனுக்கு யாரிடம் போக வேண்டும், எந்த வழியாகப் போக வேண்டும், அங்கே என்ன கிடைக்கும் என்றெல்லாம் சொல்கிறான். சொல்கிறவன் கையில் அவன் பெற்ற பரிசே சாட்சியாக இருக்கிறது. புகழ் ஒருவழிப் பாதையாகவும் இல்லை. அதியமான் நெடுமான் அஞ்சி தன்னை நேரில் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததைப் புறநானூறு பதிந்து வைத்திருக்கிறது. தன் தகுதியை அளந்தறிந்து கொடுத்தது தினையளவே ஆனாலும் இனிது என்பது அவர் நிலை. பாராமல் தந்த பாராட்டு அவருக்குப் பாராட்டாகவே தோன்றவில்லை.

இந்த மனநிலை எழுத்து வழக்கமாக உறைந்த இடம் சிறப்புப் பாயிரம். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் பாடியது தொடங்கி, நூலின் வாயிலில் வேறொருவர் நின்று நூலாசிரியரை அறிமுகம் செய்வது தமிழில் மரபாயிற்று. பாடத் தகுதியுள்ளவர்கள் யார் என்பதையும் நன்னூல் வரையறுக்கிறது: ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர். நால்வருமே அந்த மனிதனையோ அந்த நூலையோ அருகிலிருந்து அறிந்தவர்கள். பாயிரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியல் இன்னும் முக்கியமானது. ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்ல வந்த பொருள், கேட்பதற்கு உரியவர், பயன் என எட்டு. இவற்றோடு காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்ப்பாரும் உண்டு. இவற்றுள் 'எவ்வளவு உயர்ந்தது' என்ற கேள்விக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சரிபார்க்கக்கூடிய செய்திகளைத்தான் இலக்கணம் கேட்டது. பனம்பாரனாரின் பாயிரம் அப்படித்தான் இருக்கிறது: பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் நூல் அரங்கேறியது என்று இடத்தையும் கேட்டவரையும் சொல்கிறது. கேட்டவர் பெயர் தெரிந்தால் ஐயமுள்ளவர் அவரிடமே போய்க் கேட்கலாம் அல்லவா?

கம்பரைப் பற்றிய கதை ஒன்று உண்டு. இராமாயணத்தைத் திருவரங்கத்தில் அரங்கேற்ற வந்தவரை, முதலில் தில்லை மூவாயிரவர் முதலிய பலரிடம் ஒப்புதல் வாங்கி வரச் சொன்னார்களாம். தில்லையில் எல்லாரும் ஒருங்கே கூடினால்தான் கையொப்பம் என்றார்களாம். பாம்பு தீண்டி இறந்த பிள்ளை ஒன்றுக்காக அவர்கள் கூடியபோது கம்பர் பாடி அதை உயிர்ப்பித்து ஒப்புதல் பெற்றார் என்று கதை போகும். வரலாறாக இதை யாரும் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இத்தகைய கதையை விரும்பிக் கேட்ட சமூகம், கம்பனே ஆனாலும் ஊர் ஊராக நடந்து நற்சான்று சேர்க்கத்தான் வேண்டும் என்று நம்பியது. அந்த நம்பிக்கை வரலாறுதான்.

19ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் கதைகள் தேவையில்லை. ஆவணங்கள் நிறைய இருக்கின்றன. 1835இல் இந்தியர்கள் அச்சகம் நடத்தத் தடைகள் நீங்கிய பிறகு தமிழ் நூல்கள் பெருகின. ஒவ்வொரு நூலின் முகப்பிலும் சிறப்புப் பாயிரங்கள், அதாவது அன்றைய பேச்சில் சாற்றுகவிகள், வரிசையாக நின்றன. முன்பு ஒன்றிரண்டு பாடல் நின்ற இடத்தில் பக்கக்கணக்கில் பாடல்கள். தலைப்பேடு முழுக்கப் பட்டங்கள். திருவாவடுதுறை ஆதீனம் 1849இல் யாழ்ப்பாணத்து ஆறுமுகத்துக்கு 'நாவலர்' பட்டம் தந்தது. மீனாட்சிசுந்தரம் பிள்ளை 'மகாவித்துவான்' ஆனதும் அந்த மடத்தின் வழியேதான். பட்டம் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஊர் கடந்து பயணம் செய்தது.

முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1859இல் நீதிநூலை வெளியிட்டபோது அதற்கு மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சாற்றுகவி கிடைத்தது. பிற்காலத்தில் அதே பிள்ளை, வேதநாயகரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்தூர்க் கோவை பாடினார். இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். 'நீ என்னைப் புகழ், நான் உன்னைப் புகழ்கிறேன்' என்ற பரிவர்த்தனை தானே இது? ஒரு பகுதி உண்மை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சாற்றுகவிகளின் பெருக்கத்தில் ஒரே உவமைகளும் ஒரே அடைமொழிகளும் திரும்பத் திரும்ப வந்து எதையும் சொல்லாமல் போவதை அந்தக் காலப் பதிப்புகளைப் புரட்டுகிற எவரும் காணலாம். ஆயினும் இந்த இருவர் விஷயத்தில் மறுப்பு முழுதாக நிற்கவில்லை. ஒருவர் சைவ மடத்தின் வித்துவான், மற்றவர் கிறிஸ்தவர். தன் மடத்துச் சுற்றத்தின் கண் முன்னால் வேற்றுச் சமயத்தவர் நூலுக்குக் கையொப்பம் இட்டதும், பின்னர் அவரையே தலைவராக்கிப் பாடியதும் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குச் செலவில்லாத செயலாக இருந்திருக்க முடியாது. அந்தச் செலவு அவர் சொல்லுக்கு எடை கூட்டியது.

பிணையின் முழு இயக்கத்தையும் காட்டும் நிகழ்வு 1880இல் கும்பகோணத்தில் நடந்தது. அரசுக் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெறும் நிலை வந்தபோது, தன் இடத்துக்கு உ.வே. சாமிநாதையரைக் கொண்டுவர முனைந்தார். இருவரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர்கள். சாமிநாதையருக்கு அப்போது வயது 25. திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் நற்சான்றுப் பத்திரம் தந்தார். செட்டியார் கல்லூரித் தலைவர் கோபால ராவிடம் தானே எடுத்துச் சொன்னார். அதோடு காரியம் முடிந்துவிடவில்லை. கல்லூரியில் இருந்தவர்கள் சாமிநாதையரைக் கேள்வி கேட்டார்கள், செய்யுள் இயற்றச் சொன்னார்கள். அவர் தடுமாறியிருந்தால் வேலை அவர் கைநழுவிப் போயிருக்கும். மானம் செட்டியாருக்குப் போயிருக்கும். பல ஆண்டுகள் அந்தக் கல்லூரியில் கட்டிய பெயரை ஓர் இளைஞனின் நாவின் மீது வைத்துவிட்டு அவர் நின்றார்.

அதே ஆண்டு அக்டோபரில், கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சாமிநாதையர் பார்க்கப் போனார். என்ன படித்தீர்கள் என்ற கேள்விக்கு அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என்று அடுக்கினார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர் என்பதையும் சொன்னார். முதலியாரிடம் எந்த வியப்பும் இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று அவர் கேட்டவற்றுக்குச் சாமிநாதையரிடம் விடை இல்லை. தமிழ்நாட்டின் மிகப் பெரிய வித்துவானின் பெயர் அந்த அறையில் செல்லுபடியாகவில்லை. இதை 'என் சரித்திரம்' நூலில் சாமிநாதையரே விரிவாக எழுதியிருக்கிறார். 1887இல் சிந்தாமணி அச்சேறியதும், அதன்பின் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் வந்ததும் அந்தச் சந்திப்பிலிருந்து தொடங்குகின்றன. தொடர்புகளை வளர்த்துக்கொள்வதன் பயனுக்கு இன்று சொல்லப்படும் எந்த எடுத்துக்காட்டைவிடவும் இதை நான் மேலாக வைப்பேன். பாராட்டத் தயாராக இல்லாத ஒருவரின் அறிமுகம் கிடைத்ததில்தான் அதன் பயன் இருந்தது.

பெயரைப் பிறர் கட்டும்போது பெயருக்குரியவர் விருப்பம் என்னவாகிறது என்ற கேள்வியும் அந்த நூற்றாண்டில் எழுந்தது. 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் திருவருட்பாவைப் பதிப்பித்தபோது ஆசிரியர் இராமலிங்கரின் பெயரைத் 'திருவருட்பிரகாச வள்ளலார்' என்று அமைத்தார். அதற்கு முன்பே, 'இராமலிங்கசாமி' என்று தன்னை வழங்குவதுகூட ஆரவாரமாகப் படுகிறது, வேண்டாம் என்று இறுக்கம் இரத்தின முதலியாருக்கு இராமலிங்கர் கடிதம் எழுதியிருந்தார். எதிர்த்தரப்பு அந்தப் பட்டத்தையும் பிடித்துக்கொண்டது. ஆறுமுக நாவலர் தரப்போடு எழுந்த அருட்பா–மருட்பா பூசல் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. அன்பர்கள் அன்பினால் சூட்டிய பெயரின் விலையை அதை விரும்பாதவரே கொடுக்க நேர்ந்தது.

இவ்வளவும் மடம், சமஸ்தானம், கல்லூரி என்ற வேலிக்குள் நடந்தவை என்று ஒருவர் சொல்லலாம். இந்த மறுப்புக்குத்தான் நான் மிகுந்த மதிப்புத் தருகிறேன். ஆதீனத்தின் வாசலை அணுக முடியாத சாதியில் பிறந்தவருக்கு யார் பாயிரம் பாடுவார்? இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பில் நிறுத்தி அதற்கு மதிப்பு உண்டாக்கும் முடிவு அது. காத்தவராயனாகப் பிறந்தவர் தன் ஆசிரியரின் பெயரைத் தன் பெயராக ஏற்று அயோத்திதாசர் ஆனார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அந்த இதழ் அவருக்கு அவை, அரங்கேற்றம், பாயிரம் மூன்றுமாக இருந்தது. தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் தன்னைச் சொல்லிக்கொள்ளலாம் என்ற நன்னூல் விலக்கு வேறு எவரையும்விட இவர்களுக்கே முழுப் பொருளோடு பொருந்தும். அறியாதவர்கள் என்பதோடு அறிய மறுத்தவர்கள் என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே 'தானாகப் பேசுவது தவறு, பிறர் பேசுவதே முறை' என்று நான் வாதிடவில்லை. பிணைக்கு ஆள் கிடைக்காதபடி அடைக்கப்பட்டவருக்கு அச்சகம் ஒரு கதவு திறந்தது. இன்று செல்பேசி திறந்திருக்கும் கதவும் அத்தகையதே.

பாரதியின் வாழ்வில் இரண்டு முறைகளும் அருகருகே இருக்கின்றன. அவரோடு அரசியலில் முற்றிலும் மாறுபட்ட மிதவாதி வி. கிருஷ்ணசாமி ஐயர், 1907இல் அவர் பாடல்கள் சிலவற்றைத் தம் செலவில் 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். எதிரணியில் இருந்துகொண்டு அவர் நின்ற பிணை அது. 12 ஆண்டு கழித்து, புதுவை வாழ்வும் சிறையும் கடந்து வறுமையில் இருந்த பாரதி, 1919 மே மாதம் எட்டயபுரம் அரசருக்குச் சீட்டுக்கவி, அதாவது செய்யுளில் ஓர் ஓலை, எழுதினார். தமிழில் பெரும்புலவன் இல்லை என்ற வசை தன்னால் தீர்ந்தது என்று அதில் தன்னைத் தானே பாடினார். அந்தகக்கவி வீரராகவ முதலியார் காலத்திலும் சீட்டுக்கவிகள் இப்படித்தான் புலவனின் பெருமையோடு தொடங்கின. மரபு அனுமதித்த இடத்தில் மரபு அனுமதித்த குரல். மறு ஆண்டு அந்த வழியை விட்டுவிட்டு, தன் நூல்களை 40 தொகுதிகளாக, ஒவ்வொன்றையும் 10,000 படிகளாக வெளியிடப் போவதாகச் சொல்லிப் பலரிடம் கடனாகப் பணம் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். அரசன் ஒருவனை நோக்கிய ஓலை, பொதுமக்களை நோக்கிய ஓலையாக மாறிய இடம் இது. திட்டம் நிறைவேறும் முன்பே 1921இல் அவர் மறைந்தார்.

இன்றைய ஊடகங்களில் பிணை மலிந்துவிட்டது என்பதே என் குறை. தெரியாதவரின் திறமைக்கு ஒரு தட்டலில் ஒப்புதல் தரலாம். அது பொய்யானாலும் தந்தவருக்கு நட்டமில்லை, அவர் தந்தது யாருக்கும் நினைவிலும் இராது. அச்சு பெருகிய காலத்துச் சாற்றுகவிகளுக்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேர்ந்திருக்கிறது. எண்ணிக்கை கூடக்கூட எடை குறைந்தது. ஆனால் அதே லிங்க்ட்இனில், பெயரும் பதவியும் தெரிய ஒருவர் தன் சொற்களில் எழுதித் தரும் பரிந்துரையும் இருக்கிறது. எந்த ஆண்டு, எந்த வேலையில், எப்படிப் பழக்கம் என்று அது சொல்லும்போது, காலம், களம், காரணம் கேட்ட பழைய இலக்கணத்துக்கு அருகே வருகிறது. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் ஆயிரக்கணக்கான விருப்பக்குறிகளைத் தாண்டிப் போய், அப்படி எழுதிய ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, நீங்கள் சொன்னது உண்மைதானா என்று இன்றும் கேட்கிறார்கள்.