பாடங்கேட்டலும் அவையில் உரைத்தலும்

தமிழ்நாட்டில் இளம்பருவத்தார்க்கு இலக்கியம் கற்பித்த பழைய முறையைக் குறித்துப் பேசுவோர் பலரும், அதனை நெட்டுருப் பண்ணும் முறை என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுகின்றனர். ஆசிரியர் சொல்லுவார், மாணாக்கன் கேட்பான், கேட்டதை மாறாமல் ஒப்பிப்பான், அவ்வளவே என்பது அவர்தம் துணிபு. நன்னூலின் பொதுப்பாயிரத்தை ஒருமுறை ஊன்றிப் படித்தார்க்கு இத்துணிபு நிலைபெறாது.

சீயகங்கன் வேண்ட நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், கல்வியை நான்கு கூறாக வைத்து எண்ணுகின்றார். ஆசிரியர் உரைத்ததனை ஒன்றும் விடாது கொண்டானாயினும் மாணாக்கனுக்கு வருவது காற்கூறே. தன்னொடு ஒருங்கு கற்பாருடன் பயிலுதலால் மற்றொரு காற்கூறு வரும். எஞ்சிய பாதியோ, கற்றதனைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதனாலேயே நிரம்புவது. தன்பாற் கற்பாரும் அவையோருமே ஈண்டுப் பிறராவார் என்பது உரைமரபு. வடமொழியிலும் இதனை ஒத்த முதுமொழி ஒன்று வழங்குகின்றது. அஃது ஆசிரியரால் ஒரு கால், தன் மதியால் ஒரு கால், உடன்கற்பாரால் ஒரு கால், காலம் செல்லச் செல்ல ஒரு கால் எனப் பகுக்கும். இரண்டனையும் ஒப்புநோக்குவார்க்கு நன்னூலார் கருத்தின் வேறுபாடு நன்கு புலனாம். காலத்தையும் தனிமதியையும் நம்பி விடாது, அவர் பாதியை நாவின்மேலும் அவையின்மேலும் வைத்தனர்.

சமண முனிவர் ஒருவர் செய்த இந்நூலைத் திருவாவடுதுறை ஆதீனம் தன் கல்விக்கு அடிப்படையாகக் கொண்டமை சைவவுலகம் நன்கறிந்த செய்தி. சங்கரநமச்சிவாயர் அதற்கு விருத்தியுரை வகுத்தனர். சிவஞான முனிவர் அதனைத் திருத்திப் புதுக்கினர். வினாவும் விடையுமாக நூல் செய்தல் சித்தாந்த மரபிற்கும் புதியதன்று. திருவதிகை மனவாசகங்கடந்தார் மெய்கண்டாரை வினவுவதாகவே உண்மைவிளக்கம் அமைந்துள்ளது. அருணந்தி சிவாசாரியாரது இருபா இருபஃதும் ஆசிரியர் முன்னர் நின்று ஐயங்களை அடுக்கும் நூலேயாம்.

நூலில் விதி இருத்தல் வேறு, அது நடைமுறையில் வாழ்தல் வேறு. வாழ்ந்தமைக்குத் தெளிவான சான்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கிடைக்கின்றது. 1855-ஆம் ஆண்டிற் பிறந்த உ.வே. சாமிநாதையரவர்கள், 1871-ஆம் ஆண்டில், பதினாறு வயதினராய், மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்தனர். 1876-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பிள்ளையவர்கள் சிவபதம் எய்தும் வரையும் அவர்பாற் பாடங்கேட்டனர். இளைஞர் ஒருவர் கற்ற வகையை அவரே முதுமையில் விரித்தெழுதி வைத்தமை பிறர்க்கு வாய்க்காத நற்பேறு.

முதற் காற்கூறே எளிதிற் கிடைத்ததன்று. பிள்ளையவர்கள் பெரும்புலவர், புராணங்களை வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டே செல்வார், மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். அவர் நேரே பாடஞ் சொல்லும் பேறு புதியவர்க்கு உடனே வாய்க்கவில்லை. வீட்டுத் தோட்டத்து மரஞ்செடிகளில் அவருக்குப் பேரன்பு உண்டென்பதனை இளைஞராகிய சாமிநாதையர் கண்டுகொண்டனர். காலையில் அவர்க்கு முன்னரே எழுந்து சென்று எந்தச் செடியில் எங்கே புதுத்தளிர் விட்டிருக்கின்றதென்று தேடி வைப்பர். அவர் வந்தவுடன் அதனைக் காட்டுவர். தளிரைக் காட்டிப் பெற்ற பேச்சே பின்னர்ப் பாடமாக வளர்ந்தது. ஆசிரியரது குணமறிந்து ஒழுகுதலை மாணாக்கற்கு விதிக்கும் நன்னூலார் இதனைக் கேட்டிருப்பின் மகிழ்ந்திருப்பர். அதன்பின் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன.

உடன்பயின்றாருள் சவேரிநாத பிள்ளை என்பவர் கிறிஸ்தவர். நாகூர் குலாம் காதிறு நாவலரும் பிள்ளையவர்களின் மாணாக்கரே. சைவ நூல்களைப் பல சமயத்து இளைஞரும் ஒருங்கிருந்து பயின்ற அக்கூட்டத்தில், ஒரு பாட்டின் சொன்முடிபும் பொருளும் பற்றி நிகழும் வினாவிடை நம்மவர்க்குள் மட்டும் நிகழும் வினாவிடையினும் கூர்மையுடையதாய் இருத்தல் இயல்பு. ஆயினும் அக்கூட்டத்தைப் புகழுங்கால் அதன் எல்லையையும் மறைத்தலாகாது. மகளிர் அதில் இலர்; சாதியால் விலக்கப்பட்டார்க்கும் அங்கு இடமில்லை. மடத்தின் அன்னமும் வள்ளல்களின் ஆதரவும் பெற்ற சிலர்க்கே அப்பயிற்சி கைகூடிற்று.

அவையில் எடுத்துரைத்தல் என்னும் பாதிதான் பெரிதும் ஆராயத்தக்கது. சாமிநாதையரின் தந்தையார் வேங்கடசுப்பையர் கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளைக் கொண்டு கதை சொல்லி வாழ்ந்தவர். மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரும் இருந்தமையின் இளைஞர் அவரிடம் இசை கற்கத் தொடங்கினர். பிள்ளையவர்கள் அதனை விரும்பவில்லை. இசையில் மனம் சென்றால் இலக்கண இலக்கியங்களில் ஊக்கம் தளரும் என்பது அவர் கருத்து. மாணாக்கர் இசைப்பயிற்சியை நிறுத்திக்கொண்டனர். ஆனால் திருவாவடுதுறையில் சுப்பிரமணிய தேசிகர் திருமுன் செய்யுட்களைச் சொல்லும் வாய்ப்பு வந்தபோது, அவ்விசையே அவர்க்கு வரவேற்பை அளித்தது. தேசிகர் இசையிலும் வல்லவர். செய்யுளை இராகத்தோடு சொல்லக் கேட்டு உவந்தனர்.

பிள்ளையவர்களின் அச்சம் வெறும் வெறுப்பன்று. அதற்குத் தக்க காரணம் அவர் கண்முன்னரே இருந்தது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வழங்க அவர் நெடுநாள் தயங்கினர். பின்னர் ஒருவாறு இசைந்தனர். திருநாளைப்போவாரை ஒடுக்கும் வேதியராகிய நிலவுடைமையாளர் சேக்கிழார் திருவாக்கில் இலர், கீர்த்தனையிலேயே உளர். இசையால் உள்ளங் கவர்ந்த அப்படைப்பே நாடெங்கும் பரவியமையின், அவ்வேதியர் பெரியபுராணத்திலும் உள்ளவரென்றே கருதுவோர் இன்றும் பலர். ஒடுக்குமுறையை உணர்த்தியதில் கீர்த்தனைக்குள்ள ஆற்றலை மறுத்தல் இயலாது. ஆயினும், மூலநூலைக் கையில் வைத்து வினவும் பழக்கமின்றி அரங்கினை மட்டும் நம்பும் கல்விக்கு நேரும் இடர் இதனால் விளங்கும். வினாவிடை அரங்கிற்குக் காவலாயிற்று. அரங்கின்றி வினாவிடை மட்டும் நடப்பின் அது சில புலவரோடு ஒடுங்கியிருக்கும்.

இவ்விரண்டும் கூடிய இடம் அரங்கேற்றம். புதுநூலின் பாட்டை ஒருவர் படிக்க, நூலாசிரியர் பொருள் விரிக்க, அவையிலுள்ளார் தடை எழுப்ப, விடை கூறிச் செல்லுதல் அதன் முறை. பிள்ளையவர்கள் திருப்பெருந்துறைப் புராணத்தை அரங்கேற்றச் சென்றபோது சாமிநாதையரும் உடன் சென்றனர். அங்கே நோயுற்று ஊர் திரும்பிய பின்னர், குடும்பத்தின் பணமுடை காரணமாகக் காரை என்னும் ஊரில் திருவிளையாடற் புராணப் பிரசங்கம் செய்தனர். அப்போது அவர்க்கு வயது இருபது அளவினது. மடத்துப் புலவர் முன் பேசுதல் ஒன்று. பகலெல்லாம் உழைத்து மாலையில் வந்தமரும் ஊரவர் முன் அறுபத்துநான்கு திருவிளையாடல்களையும் விளங்க உரைத்தல் முற்றும் வேறு. ஆங்குத் தெரியாத சொல்லை மழுப்பிச் செல்ல இயலாது. கேட்பார் முகமே பரீட்சகர். பிள்ளையவர்கள் மறைந்தபின் தேசிகர் அவரை மடத்திலேயே இருத்தினர். தாம் தேசிகரிடம் பாடங்கேட்டுக்கொண்டே இளையோர்க்குப் பாடஞ் சொல்லவும் செய்தனர். நன்னூலார் கூறிய நாலு கூறும் இங்ஙனம் ஒருவரிடத்தே நிரம்பின.

யாழ்ப்பாணத்தில் இப்பாதிக்குரிய நிலைக்களன் கோயிலாயிற்று. கந்தபுராணம் முதலியவற்றை ஒருவர் இசையுடன் வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லும் புராண படனம் அங்கே வேரூன்றியது. ஆறுமுகநாவலர் 1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிற் பிரசங்கம் தொடங்கினர். அடுத்த ஆண்டில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினர். 1849-ஆம் ஆண்டில் அவர்க்கு நாவலர் என்னும் பட்டத்தை நல்கியதும் திருவாவடுதுறை ஆதீனமே.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பின்னர், தமிழ்க்கல்வியிலும் எழுத்துத் தேர்வு மேலோங்கிற்று. அச்சுநூல் பலர்க்கும் கல்வியைக் கொணர்ந்தது; அப்பயன் பெரிது. ஆனால் இளைஞர் நாவிற்குரிய பாதி தேர்வுத்தாளில் இடம்பெறவில்லை. 1880-ஆம் ஆண்டில் தியாகராச செட்டியார்க்குப்பின் கும்பகோணம் கல்லூரியில் அமர்ந்த சாமிநாதையர், வகுப்பிற் செய்யுட்களை இசையுடன் படித்தே பாடஞ் சொல்லினர்.

அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அவர் சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டனர். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் வரிசையாகச் சொல்ல, முதலியார் அவற்றால் வியப்படையாது, சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டோ என்று வினவினர். பின்னர் அந்நூலையே அளித்துத் தாம் பாடங்கேட்கவும் தொடங்கினர். மடத்திற் பயின்ற சைவர்க்கு அச்சமண காவியத்தின் பல பொருள்கள் விளங்கவில்லை. கும்பகோணத்துச் சைனர் வீட்டில் சிந்தாமணியை ஒருவர் படிக்கப் பலர் இருந்து கேட்டுவருதலை அவர் அறிந்தனர். அங்கே சென்று அவர்களொடு அமர்ந்து, ஐயங்களை வினவித் தெளிந்தனர். சைவர் ஒருவர் சமண நூலில் இத்துணை உழைத்தல் தகுமோ என்று குறை கூறினாரும் இருந்தனர். நச்சினார்க்கினியர் உரையுடன் சீவகசிந்தாமணி 1887-ஆம் ஆண்டில் அச்சேறி வெளிவந்தது.