குக்கீ (இணையம்)

குக்கீ என்பது ஒரு வலைத்தளம் தனக்கு வருகை தரும் பயனரின் உலாவியில் சேமித்து வைக்கும் சிறிய உரைத் துணுக்கு ஆகும். உலாவி அதே தளத்தை மீண்டும் அணுகும்போது இத்துணுக்கு வழங்கிக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது. முன்பு வந்த உலாவியே மீண்டும் வந்துள்ளது என்பதை வழங்கி இதன் மூலம் அறிகிறது. தமிழில் இதனை நினைவி என எழுதுவோரும் உளர். ஆயினும் அச்சொல் கணினியின் நினைவகத்தோடு மயங்கக்கூடியது. குக்கீ ஒரு நிரல் அன்று. எனவே அது தானாக இயங்குவதில்லை. அதனை நச்சுநிரல் எனக் கருதுவது தவறு.

செயற்படும் முறை

உலாவியும் வழங்கியும் தொடர்பு கொள்ளப் பயன்படும் எச்.டி.டி.பி நெறிமுறைக்கு நினைவாற்றல் கிடையாது. ஒவ்வொரு வேண்டுகோளும் அதற்குப் புதியதே. எடுத்துக்காட்டாக, காட்டாங்குளத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் ஒருவர் தாம்பரத்திலிருந்து மதுரை செல்ல இணையவழியில் தொடர்வண்டிச் சீட்டுப் பதிவு செய்வதாகக் கொள்வோம். புகுபதிகை செய்தல், வண்டியைத் தேர்ந்தெடுத்தல், பயணியின் பெயரை இடுதல், பணம் செலுத்துதல் ஆகியன அவருக்கு ஒரே செயலின் படிகள். நெறிமுறைக்கோ அவை தம்முள் தொடர்பற்ற வேண்டுகோள்கள். அவற்றை ஒரே நபருடையவை எனக் கோப்பது குக்கீ.

புகுபதிகை முடிந்தவுடன் வழங்கி ஓர் அடையாள எண்ணை உருவாக்கித் தன் மறுமொழியின் தலைப்பகுதியில் வைத்து அனுப்பும். உலாவி அதனைச் சேமித்து, பின்னர் ஒவ்வொரு வேண்டுகோளுடனும் காட்டும். கோயில் வாசலில் செருப்பை ஒப்படைத்துப் பெறும் டோக்கனுக்கு இதனை ஒப்பிடலாம். டோக்கனில் நம் பெயர் இராது, எண் மட்டுமே இருக்கும். அதைக் காட்டுபவர் எவரோ அவரிடமே செருப்பு தரப்படும் என்பதும் இவ்வொப்புமையில் அடங்கும்.

உலாவியை மூடியதும் அழியுமாறு அமைக்கப்படுவது அமர்வுக் குக்கீ. குறித்த நாள் வரை தங்குவது நிலைக் குக்கீ. முந்தைய அமர்வை மீட்டுத் தரும் வசதி இயங்கும் உலாவிகளில் அமர்வுக் குக்கீயும் அழியாது தங்கிவிடுவதுண்டு. ஒரு குக்கீயின் அளவு பொதுவாக 4096 பைட்டுகளுக்குள் அடங்கும். குரோம் உலாவி 2022 முதல் எந்தக் குக்கீயையும் 400 நாட்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை.

வரலாறு

நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுலி 1994 இல் குக்கீயை உருவாக்கினார். யுனிக்ஸ் நிரலாளர்களிடையே வழங்கிய 'மேஜிக் குக்கீ' என்ற சொல்லிலிருந்து பெயர் வந்தது. வாங்கும் பொருட்களை நினைவில் வைக்கும் 'வணிகக் கூடை' ஒன்றை அமைக்க வேண்டிய தேவையே இதன் தொடக்கம். பொதுமக்கள் இதைப் பற்றிப் பரவலாக அறிந்தது 1996 பெப்ரவரியில் பைனான்சியல் டைம்ஸ் இதழில் கட்டுரை வெளியான பின்னரே. இன்று புழக்கத்திலுள்ள வரையறையான ஆர்.எப்.சி 6265 ஏப்ரல் 2011 இல் வெளியானது.

மூன்றாந்தரப்புக் குக்கீ

நாம் காணும் பக்கத்தில் பதிக்கப்பட்ட விளம்பரம் வேறொரு நிறுவனத்தின் வழங்கியிலிருந்து வருமாயின், அந்நிறுவனமும் தன் குக்கீயை வைக்க இயலும். அதே நிறுவனத்தின் விளம்பரம் செய்தித் தளத்திலும் சமையற் குறிப்புத் தளத்திலும் இருந்தால், இரண்டையும் படித்தவர் ஒருவரே என அது அறியும். தனியுரிமை பற்றிய எதிர்ப்புகளில் பெரும்பகுதி இவ்வகையைப் பற்றியதே. புகுபதிகைக்கான குக்கீ மீது அத்தகைய குறை கூற இயலாது.

சபாரி உலாவி மார்ச் 2020 முதல் மூன்றாந்தரப்புக் குக்கீகளை முற்றாகத் தடுக்கிறது. பயர்பாக்சு ஒவ்வொரு தளத்தின் குக்கீகளையும் தனிக் கொள்கலனில் அடைத்து வைக்கிறது. குரோமில் இவற்றை நீக்கப் போவதாக 2020 இல் அறிவித்த கூகுள், பலமுறை காலம் தள்ளி, 2024 இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. கூகுளின் வருவாயில் பெரும்பங்கு விளம்பரத்தாலே வருவது என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம்.

குக்கீத் திருட்டு

கடவுச்சொல்லும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் புகுபதிகையின்போது மட்டுமே கேட்கப்படுகின்றன. அதன்பின் கேட்கப்படுவது குக்கீ மட்டுமே. ஆகவே அதனைக் கைப்பற்றியவர் கடவுச்சொல்லை அறியாமலே கணக்கினுள் நுழையலாம். 2010 அக்டோபரில் எரிக் பட்லர் வெளியிட்ட பயர்சீப் என்னும் நீட்சி, திறந்த வைஃபை வலையமைப்பில் பிறருடைய குக்கீகளை எளிதில் எடுக்க முடியும் எனக் காட்டியது. தளங்கள் மறைகுறியாக்கத்துக்கு மாற இதுவும் ஒரு தூண்டுதலாயிற்று.

கல்லூரிப் பகுதிகளில் இதனினும் எளிய இடர் ஒன்று உண்டு. தேர்வு நுழைவுச்சீட்டை அச்சிட ஜெராக்ஸ் கடைக் கணினியில் மின்னஞ்சலைத் திறந்த மாணவர், தாவலை மட்டும் மூடிவிட்டுச் சென்றால் குக்கீ அங்கேயே இருக்கும். அடுத்து அமர்பவர் அதே அஞ்சலைத் திறக்க இயலும்.

கட்டுப்படுத்தும் முறைகள்

பொதுக் கணினியில் முதலிலேயே மறைநிலைச் சாளரத்தைத் திறந்து பயன்படுத்துவது நன்று. அத்தகைய சாளரங்களை எல்லாம் மூடியதும் அவற்றின் குக்கீகள் அழிந்துவிடும். ஆனால் வலையமைப்பை நடத்துபவரிடமிருந்து அது எதையும் மறைப்பதில்லை. விடுபதிகை செய்ய மறந்து வந்துவிட்டால், கைப்பேசியிலிருந்து கணக்கு அமைப்புகளுக்குச் சென்று 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்ற வசதியைப் பயன்படுத்த வேண்டும். தம் கணினியில் உள்ள குக்கீயை அழிப்பதால் மட்டும் வேறிடத்தில் உள்ள அமர்வு முடிந்துவிடாது.

விண்டோசில் குரோம், பயர்பாக்சு, எட்ஜ் ஆகியவற்றில் கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் விசைகளை ஒருசேர அழுத்தினால் தரவு நீக்கும் சாளரம் தோன்றும். அனைத்தையும் அழித்தால் எல்லாத் தளங்களிலும் மீண்டும் புகுபதிகை செய்ய நேரும். அன்றாடப் பயன்பாட்டுக்கு மூன்றாந்தரப்புக் குக்கீகளை மட்டும் தடுப்பதே போதுமானது.

சட்ட நிலை

ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்றியமையாதவை தவிர்த்த குக்கீகளுக்குப் பயனரின் முன் ஒப்புதல் தேவை. முன்னரே குறியிடப்பட்ட கட்டம் ஒப்புதல் ஆகாது என ஒன்றிய நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் குக்கீக்கெனத் தனிச் சட்டம் இல்லை. 2023 ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபரை அடையாளம் காட்டும் தரவு எதற்கும் பொருந்துவதால் இத்தகைய குக்கீகளையும் தழுவும். ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை அச்சட்டம் கட்டாயமாக்குகிறது. தமிழும் அவற்றுள் அடங்கும். ஒப்புதல் அளிப்பது எவ்வளவு எளிதோ, அதனைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாய் இருத்தல் வேண்டும். 18 வயது நிரம்பாதோரைப் பின்தொடர்வதையும் அவர்களை இலக்காகக் கொண்ட விளம்பரத்தையும் அது தடை செய்கிறது. முதலாமாண்டுக் கல்லூரி மாணவர் சிலரும் இவ்வயதினரே. சட்டத்துக்கான விதிகள் நவம்பர் 2025 இல் அறிவிக்கப்பட்டன. அறிவிப்பு, ஒப்புதல் ஆகியன பற்றிய விதிகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன.