ராணுவத்தில் இருந்த எல்லாருக்கும் இலவச சிகிச்சை கிடைக்குமா? இசிஎச்எஸ் யாருக்கு உண்டு, அக்னிவீரர்களுக்கு ஏன் இல்லை?

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம். கார், பைக், டயர், கண்ணாடி, செல்போன் என வரிசையாகத் தொழிற்சாலைகள் இருக்கும் இந்தப் பகுதியில் செக்யூரிட்டி வேலைக்கு முன்னாள் ராணுவத்தினருக்கு எப்போதும் கிராக்கி உண்டு. பணியில் இருந்து வந்து 40 வயதிலேயே அடுத்த வேலை தேடும் பலருக்கு, முதலில் கிடைப்பது தொழிற்சாலை கேட் டியூட்டிதான்.

அப்படி ஒரே கேட்டில் மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் ராணுவத்தில் 17 ஆண்டு பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இரண்டாமவர் சிஆர்பிஎஃப்பில் 20 ஆண்டு இருந்தவர். மூன்றாமவர் அக்னிபாத் திட்டத்தில் 4 ஆண்டு முடித்துவிட்டு வந்த இளைஞர்.

மூவருமே சீருடையில் நாட்டுக்காக நின்றவர்கள்தான். ஆனால் நாளைக்கு மூவருக்கும் ஒரே நோய் வந்தால், ஆஸ்பத்திரி பில்லைக் கட்டப்போவது ஒரே ஆள் இல்லை. ஏன் இந்த வித்தியாசம்? கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

இசிஎச்எஸ் என்றால் என்ன?

முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு சுகாதாரத் திட்டம்தான் சுருக்கமாக இசிஎச்எஸ். 2003 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு ஓய்வு பெற்ற படைவீரர்கள் ராணுவ மருத்துவமனைகளையே பெரிதும் நம்பியிருந்தார்கள். பணியில் இருப்பவர்களுக்குத்தான் அங்கே முன்னுரிமை. ராணுவ மருத்துவமனை இல்லாத ஊர்க்காரர்கள் பாடு திண்டாட்டம்.

இந்தத் திட்டத்தில் நாடு முழுவதும் 400-க்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள் இயங்குகின்றன. சென்னைப் பக்கம் ஆவடி, தாம்பரம் போன்ற இடங்களில் இருக்கின்றன. முதலில் பாலிகிளினிக்கில் காட்ட வேண்டும். அங்கே முடியாது என்றால், திட்டத்தில் சேர்ந்திருக்கும் தனியார் மருத்துவமனைக்கு ரெஃபரல் எழுதிக் கொடுப்பார்கள். அங்கே கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். சிகிச்சைச் செலவுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு கிடையாது. தனியார் மெடிக்கல் இன்சூரன்ஸுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

யார் சேரலாம்?

அடிப்படையில் இரண்டு நிபந்தனைகள். ஒன்று, மத்திய அரசின் வரையறைப்படி அவர் 'முன்னாள் படைவீரர்' ஆக இருக்க வேண்டும். இரண்டு, ஓய்வூதியமோ, பணியில் ஏற்பட்ட உடல் பாதிப்புக்கான ஓய்வூதியமோ, குடும்ப ஓய்வூதியமோ வாங்குபவராக இருக்க வேண்டும். அதாவது, ராணுவத்தில் இருந்தார் என்பது மட்டும் போதாது. பென்ஷன் வாங்குகிறாரா என்பதுதான் முக்கியமான கேள்வி.

சிப்பாய் நிலையில் சேர்ந்தவருக்கு வழக்கமான பென்ஷன் கிடைக்கக் குறைந்தது 15 ஆண்டு பணி வேண்டும். அதிகாரிகளுக்கு 20 ஆண்டு. எனவே நடைமுறையில் இந்த ஆண்டுக் கணக்குதான் மருத்துவ வசதிக்கும் எல்லைக்கோடாக இருக்கிறது.

குடும்பத்தில் கணவன் அல்லது மனைவிக்கு வசதி உண்டு. மகனுக்கு 25 வயது ஆகும் வரை அல்லது அதற்குள் திருமணம், வருமானம் வரும் வரை. மகளுக்கு திருமணம் ஆகும் வரை அல்லது சம்பாதிக்கத் தொடங்கும் வரை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு வயது வரம்பு இல்லை. சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் உண்டு. ஆனால் அவர்கள் மாத வருமானம் 9,000 ரூபாயையும் அதற்கான அகவிலைப்படியையும் தாண்டக் கூடாது.

இலவசமா, பணம் கட்ட வேண்டுமா?

பெயரிலேயே 'பங்களிப்பு' இருக்கிறது. ஓய்வு பெறும்போது ஒரே ஒரு முறை பணம் கட்ட வேண்டும். 2017 டிசம்பர் கடைசியில் நிர்ணயித்த தொகைப்படி, ஹவில்தார் வரை 30,000 ரூபாய். நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000 ரூபாய். அதிகாரிகளுக்கு 1,20,000 ரூபாய். 1996-க்கு முன்பு ஓய்வு பெற்றவர்களும் போரில் கணவரை இழந்த பெண்களும் கட்டத் தேவையில்லை.

30,000 ரூபாய் கட்டிய ஹவில்தாரும் அவர் மனைவியும் ஆயுள் முழுக்க சிகிச்சை பெறலாம். மீதிச் செலவு முழுக்க அரசுடையது. அதனால்தான் 'யாரைச் சேர்ப்பது' என்ற கேள்வி வரும்போதெல்லாம் நிதிக் கணக்கும் கூடவே வருகிறது.

கேட்டில் இருக்கும் மூவருக்கும் என்ன கிடைக்கும்?

முதலாமவருக்குச் சிக்கல் இல்லை. 17 ஆண்டு பணி, பென்ஷன் உண்டு, இசிஎச்எஸ் கார்டு உண்டு. செக்யூரிட்டி வேலையை விட்டாலும் கார்டு அவரை விட்டுப் போகாது.

இரண்டாமவர் சிஆர்பிஎஃப். பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வரும் தரைப்படை, கடற்படை, விமானப்படையில் இருந்தவர்களே அரசு வரையறைப்படி 'முன்னாள் படைவீரர்'. சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப், சிஐஎஸ்எஃப் போன்றவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. இவர்களுக்கு இசிஎச்எஸ் இல்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கான சிஜிஎச்எஸ் திட்டத்தில் பணம் கட்டிச் சேரலாம். காஷ்மீரில் பக்கத்துப் பக்கத்து முகாமில் இருந்தவர்கள் ஓய்வுக்குப் பிறகு வேறு வேறு வரிசையில் நிற்பது இப்படித்தான்.

மூன்றாமவர்தான் கேள்விக்குறி.

அக்னிவீரர்களுக்கு என்ன விதி?

அக்னிபாத் திட்டம் 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்டது. 4 ஆண்டு பணி. அதன் பிறகு 25 சதவீதம் பேர் வரை நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். மற்றவர்கள் 'சேவா நிதி' என்ற பெயரில் சுமார் 11.71 லட்சம் ரூபாயுடன் வீட்டுக்கு வருவார்கள். இதில் பாதி அவர்கள் சம்பளத்தில் பிடித்தது, பாதி அரசு போட்டது, மேலே வட்டி.

அதோடு முடிந்தது. பென்ஷன் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் அந்தஸ்து இல்லை, ராணுவ கேன்டீன் இல்லை, இசிஎச்எஸ் இல்லை. இதை அறிவிப்பிலேயே ராணுவம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பணியின் காரணமாக உடல் பாதிப்பு ஏற்பட்டு வெளியேற நேர்ந்தால், பாதிப்பின் அளவைப் பொறுத்து 15 லட்சம், 25 லட்சம் அல்லது 44 லட்சம் ரூபாய் ஒரே தவணையாகக் கிடைக்கும்.

முதல் ஆண்டில் சுமார் 46,000 பேரை எடுப்பதாக அறிவிக்கப்பட்டது. 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் முதல் பேட்ச் பயிற்சிக்குப் போனது. அவர்களுடைய 4 ஆண்டுக் கணக்கு 2026 கடைசியில் இருந்து முடியத் தொடங்குகிறது. அதனால் இது இனிமேல் ஏட்டளவிலான விவாதம் இல்லை.

தொழிற்சாலையில் இஎஸ்ஐ இருக்கே, அது போதாதா?

ஒரு அளவுக்குப் போதும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் இஎஸ்ஐ உண்டு. தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதம், நிறுவனம் 3.25 சதவீதம். 20,000 ரூபாய் சம்பளம் என்றால் தொழிலாளிக்கு 150 ரூபாய் பிடிப்பார்கள், நிறுவனம் 650 ரூபாய் கட்டும். குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. சென்னை கே.கே.நகர் இஎஸ்ஐ மருத்துவமனை வரை ரெஃபரல் கிடைக்கும்.

ஆனால் இஎஸ்ஐ வேலையோடு ஒட்டியது. வேலை போனால் கொஞ்ச நாளில் அதுவும் போய்விடும். கான்ட்ராக்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. சம்பளம் 22,000 ரூபாய் ஆகிவிட்டால் இஎஸ்ஐ வரம்பைத் தாண்டிவிடும். சரி, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குப் போகலாம் என்றால், அங்கே குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 15,000 வாங்குபவருக்கே ஆண்டுக்கு 1,80,000 வந்துவிடும். 70 வயதுக்கு மேல் என்றால் வருமான வரம்பு இல்லாமல் ஆயுஷ்மான் பாரத் கார்டு வாங்கலாம். 25 வயது அக்னிவீரருக்கு அது 45 ஆண்டு தள்ளி.

அரசு மருத்துவமனை எப்போதும் திறந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் 'முன்னாள் வீரர்' என்ற தனி உரிமை எதுவும் அவருக்கு அங்கே இல்லை.

பென்ஷன் இல்லாதவர்களை இதற்கு முன்பு சேர்த்தது உண்டா?

உண்டு. 2019 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சகம் இந்தக் கோட்டைக் கொஞ்சம் நகர்த்தியது. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர்கள், அவசரகால கமிஷன் அதிகாரிகள், ஷார்ட் சர்வீஸ் கமிஷன் அதிகாரிகள், முன்கூட்டியே ஓய்வு பெற்றவர்கள் ஆகியோரை உள்ளே கொண்டுவந்தது. 40,000-க்கும் மேற்பட்டோர் பயன்பெறுவார்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. ஷார்ட் சர்வீஸ் அதிகாரிகள் பணியாற்றுவது 10 முதல் 14 ஆண்டு. அவர்களுக்கு வழக்கமான பென்ஷன் கிடையாது.

2025 ஆகஸ்ட்டில் இன்னொரு மாற்றம். ராணுவ அகாடமிகளில் பயிற்சியின்போது அடிபட்டு, மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்ட பயிற்சி அதிகாரிகளின் நிலையை உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து கையில் எடுத்தது. பயிற்சி முடியாததால் இவர்கள் 'படைவீரர்' என்ற கணக்கிலேயே வரவில்லை. சிலர் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் இருப்பவர்கள். அதே மாதக் கடைசியில், அவர்களுக்கு இசிஎச்எஸ் வசதி தரப்படும் என அரசு அறிவித்தது. 1,20,000 ரூபாய் பங்களிப்பும் தள்ளுபடி. முன்னாள் படைவீரர் அந்தஸ்து மட்டும் கிடையாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 2019-இல் 'பென்ஷன் கட்டாயம்' என்ற விதி தளர்ந்தது. 2025-இல் 'எத்தனை ஆண்டு பணி' என்ற கேள்வியே விலகி, 'நாட்டுக்கான பணியில் அடிபட்டாரா' என்ற கேள்வி முன்னுக்கு வந்தது.

வெளிநாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்குத் தனித் துறையும் தனி மருத்துவமனைகளும் உண்டு. 1980-க்குப் பிறகு சேர்ந்தவர்கள் பொதுவாக 24 மாதம் தொடர்ந்து பணியாற்றியிருக்க வேண்டும். ஒழுங்கீனத்துக்காக வெளியேற்றப்பட்டிருக்கக் கூடாது. பணியில் ஏற்பட்ட பாதிப்பு, வருமானம் உள்ளிட்டவற்றை வைத்து 8 முன்னுரிமைப் பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள். பணியில் அடிபட்டு வெளியேறியவருக்கு 24 மாத விதி பொருந்தாது. 4 ஆண்டு என்பது அங்கே விண்ணப்பிக்கவே தகுதியில்லாத காலம் அல்ல.

பிரிட்டனில் ஒரே ஒரு நாள் பணியாற்றியிருந்தாலும் முன்னாள் வீரர்தான். எல்லாக் குடிமக்களுக்கும் அரசு மருத்துவ சேவை இருப்பதால் தனித் திட்டம் இல்லை. பணியால் வந்த பாதிப்புக்கு மட்டும் சிகிச்சையில் முன்னுரிமை.

அக்னிவீரர்களைச் சேர்ப்பதில் என்ன தயக்கம்?

முக்கியமான வாதம் செலவு. ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர், 21 முதல் 25 வயதில் வெளியே வருகிறார்கள். அவர்களுக்கும் குடும்பத்துக்கும் வாழ்நாள் முழுக்க சிகிச்சை என்றால் 50 ஆண்டுக்கான பொறுப்பு. இப்போதே பில் தொகை வந்துசேரத் தாமதமாகிறது என்று தனியார் மருத்துவமனைகள் புகார் சொல்வது உண்டு. கூட்டம் கூடினால், வயதான படைவீரர்களுக்குக் கிடைப்பதும் குறையலாம் என்ற கவலை நியாயமானது. 'நிபந்தனை தெரிந்துதானே சேர்ந்தார்கள், சேவா நிதியும் வாங்கினார்களே' என்பது இன்னொரு வாதம்.

மறுபக்கம் கேட்பது இது: முட்டித் தேய்மானம், முதுகுத்தண்டு வலி, காது கேளாமை எல்லாம் நான்காம் ஆண்டு கடைசி நாளில் வருவதில்லை. பத்து வருடம் கழித்து வரும். அன்றைக்கு 11 லட்சம் ரூபாய் வீடு கட்டவோ தங்கை கல்யாணத்துக்கோ செலவாகியிருக்கும்.

வேறு வழிகள் என்ன?

'எல்லாம் உண்டு', 'எதுவும் இல்லை' என்ற இரண்டுக்கும் நடுவில் சில வழிகள் இருக்கின்றன.

முதலாவது, பணியால் ஏற்பட்ட பாதிப்புக்கு மட்டும் ஆயுள் முழுக்க சிகிச்சை. பயிற்சி அதிகாரிகளுக்குத் திறந்த கதவு, களத்தில் நின்ற அக்னிவீரருக்கு மூடியிருப்பதை நியாயப்படுத்துவது கஷ்டம். செலவும் ஒப்பீட்டளவில் குறைவு.

இரண்டாவது, விருப்பம் உள்ளவர்கள் சேவா நிதியில் இருந்து பங்களிப்பு கட்டிச் சேரும் வழி.

மூன்றாவது, வேறு காப்பீடு கிடைக்கும் வரை சில ஆண்டுகளுக்கு மட்டும் மருத்துவ வசதி.

இதில் எதைச் செய்தாலும் ஒரு விஷயம் இப்போதே தேவை. பணியில் ஏற்பட்ட ஒவ்வொரு காயமும் மருத்துவ ஆவணத்தில் பதிவாகி, அதன் நகல் வீரரின் கையில் இருக்க வேண்டும். நாளைக்கு விதி மாறினாலும், பேப்பர் இல்லாதவருக்கு எந்தக் கதவும் திறக்காது.

இப்போது இசிஎச்எஸ் கார்டு உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது?

அவசர நேரத்தில் ரெஃபரலுக்காகக் காத்திருக்க வேண்டாம், அருகில் உள்ள மருத்துவமனைக்கே போகலாம். திட்டத்தில் இல்லாத மருத்துவமனை என்றால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்ல வேண்டும். பில்களைப் பத்திரமாக வைத்து பிறகு பணத்தைத் திரும்பப் பெறலாம். திருமணம், பிறப்பு, இறப்பு, பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது போன்ற மாற்றங்களை உடனே பதிவு செய்ய வேண்டும். இதுவரை சேராத ஓய்வூதியர்களும், கணவரை இழந்து குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்களும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம்.