வெள்ளிக்கிழமை நாயகி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டியிருக்கிறீர்களா? ரசாயன நெடிக்கு நடுவே லேசாகக் கற்பூர வாசனையும் வரும். ஏதாவது ஒரு கம்பெனி கேட்டில் பூஜை நடந்துகொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து உள்ளே போய், 'என் பில்லுக்குப் பணம்?' என்று கேட்டுப் பாருங்கள். "வெள்ளிக்கிழமை சார், திங்கக்கிழமை வாங்க" என்பார்கள். அன்றைக்குப் பணம் வெளியே போனால் மகாலட்சுமி கோபித்துக்கொள்வாள்.

ரோமாபுரியிலும் அந்தக் கிழமை ஒரு பெண் தெய்வத்துக்குத்தான். வீனஸ். காதலுக்கும் அழகுக்கும் அதிபதி. நம் ஜோதிடர்கள் சுக்கிரன் என்பது அவள் பெயரிலுள்ள கிரகத்தைத்தான். கிரகங்களின் பெயரில் கிழமைகளைச் சொல்லும் வழக்கமே கிரேக்க, ரோமானிய உலகத்திலிருந்து ஜோதிடத்தோடு இங்கே வந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

காதல் தெய்வம்தானே என்று அலட்சியமாக நினைத்துவிடாதீர்கள். ரோமில் அவள் அரசியல் சொத்து! வீனஸின் மகன் ஈனியாஸ். அவன் வம்சத்தில் வந்தவர்கள் நாங்கள் என்று ஜூலியஸ் சீஸரின் குடும்பம் சொல்லிக்கொண்டது. சும்மா இல்லை, கி.மு. 46-ல் 'குலத்தாய் வீனஸ்' என்று கோயிலே கட்டினார் சீஸர். பிரிட்டன் முத்துகள் பதித்த மார்புக் கவசத்தைக் காணிக்கையாகவும் வைத்தார்.

ஆனால் அந்த முத்துகள் மங்கல், சுமார் ரகம். ரோமானியப் பணக்காரர்கள் மயங்கியது கீழ்த்திசைக் கடல் முத்துக்கு. அதில் நம் கொற்கை முத்தும் உண்டு. கொற்கையில் தண்டனைக் கைதிகளைக் கடலில் இறக்கி முத்தெடுத்தார்கள் என்று முதல் நூற்றாண்டு கிரேக்க மாலுமி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அங்கே கைதி மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்க, இங்கே ஒரு சீமாட்டியின் காது மின்னும்.

லோலியா பாலினா என்ற அம்மணி, யாரோ வீட்டு நிச்சயதார்த்த விருந்துக்கு 4 கோடி செஸ்டர்ஸ் மதிப்புள்ள முத்தும் மரகதமும் அணிந்து வந்தாராம். யாராவது சந்தேகப்பட்டால் காட்டுவதற்கு ரசீதும் தயாராக வைத்திருந்தார்! சொன்னவர் ப்ளினி. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் அரேபியாவுக்கும் வருஷத்துக்கு 10 கோடி செஸ்டர்ஸ் போகிறதே என்று புலம்பிய அதே ஆள். பி.காம். படித்தவன் என்ற முறையில் ப்ளினியிடம் எனக்குத் தனிப் பாசம் உண்டு. ஆனாலும், எல்லாம் நம் சொகுசுக்கும் பெண்களுக்கும் ஆன செலவு என்று அவர் பற்று எழுதியதை ஏற்க மாட்டேன். காதலி செர்விலியாவுக்கு 60 லட்சம் செஸ்டர்ஸில் ஒற்றை முத்து வாங்கித் தந்தவர் சாட்சாத் சீஸர்தான். அதை யார் கணக்கில் எழுதுவது? (செர்விலியாவின் மகன்தான் பிற்பாடு கத்தியோடு வந்த ப்ரூட்டஸ்.)

சரி, போன பணம் எங்கே வந்தது? சிப்காட்டிலிருந்து வடக்கே, கடலூரைத் தாண்டி, புதுச்சேரி நகரத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது அரிக்கமேடு. அந்தக் காலத்துத் தொழிற்பேட்டை. மணி செய்தார்கள். 1945-ல் தோண்டிய மார்டிமர் வீலர், அங்கிருந்த செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயம் போட்டவை என்று நினைத்தார்.

அதற்கு முன்பே, 1937 வாக்கில், புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய், ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த கற்களைக் காசு கொடுத்து வாங்கினார். தானும் மேட்டில் பொறுக்கினார். சேர்ந்ததில் ஒரு கல்லில் செதுக்கிய ஆண் முகம். அகஸ்டஸ் சக்கரவர்த்தி என்றார் துப்ரேய். சீஸரின் சுவீகார புத்திரர். ஆகவே வீனஸின் வாரிசு. அரிக்கமேட்டில் கிடைத்த இன்னொரு கல்லில் ஒரு பறவை, கூடவே க்யூபிட். வீனஸின் இன்னொரு மகன். உறவுமுறை போட்டால் அகஸ்டஸுக்கு ஏதோ கொள்ளுச் சித்தப்பா! அந்தக் கல்லின் ஓரம் சீராக்கப்படவில்லை. மேற்கிலிருந்து வந்த கைவினைஞர் யாரோ இங்கேயே உட்கார்ந்து செதுக்கியிருப்பாரோ என்ற கேள்வி அதனால்தான் எழுந்தது.

போக்குவரத்து ஒருவழிப் பாதை இல்லை. பாம்பேய் நகரம் தெரியுமல்லவா, கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்ததே? அதன் காவல் தெய்வமே வீனஸ்தான். ஊரின் அதிகாரபூர்வப் பெயரிலேயே அவள் உண்டு. 1938-ல் அங்கே ஒரு வீட்டைத் தோண்டினார்கள். நகைகளைத் தவிர வேறெதுவும் அணியாத ஒரு பெண், ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, யானைத் தந்தத்தில். இந்திய வேலைப்பாடு. முதலில் லட்சுமி என்றார்கள். இப்போது யட்சி என்கிறார்கள். நேப்பிள்ஸ் மியூசியத்தில் இருக்கிறாள்.