மூன்று இடங்கள், நான்கு பேர்: அமெரிக்க ஃபிகர் ஸ்கேட்டிங் அணித் தேர்வின் வரலாறு

காலணியின் அடியில் பொருத்திய மெல்லிய எஃகுத் தகட்டின் விளிம்பில் நின்று, பனிக்கட்டித் தளத்தில் இசைக்கு ஏற்பச் சறுக்கியும் சுழன்றும் தாவியும் காட்டும் விளையாட்டே ஃபிகர் ஸ்கேட்டிங் எனப்படுகிறது. ஓட்டப் பந்தயத்தில் கடிகாரமும் உயரம் தாண்டுதலில் அளவுகோலும் செய்யும் வேலையை இங்கே நடுவர்கள் இடும் மதிப்பெண்கள் செய்வதால், யார் சிறந்தவர் என்ற கேள்விக்கு ஐயத்துக்கு இடமற்ற விடை கிடைப்பது அரிது. போட்டியில் முதலிடம் யாருக்கு என்பதிலேயே இத்தனை சிக்கல் இருக்கையில், ஒரு நாட்டின் சார்பில் உலகப் போட்டிக்கு யாரை அனுப்புவது என்ற கேள்வி எவ்வளவு சச்சரவுக்கு இடம் தந்திருக்கும் என்பதை அமெரிக்காவின் அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது.

1892-இல் நெதர்லாந்தின் ஸ்கெவெனிங்கன் நகரில் தோன்றிய சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியம் இவ்விளையாட்டின் உலக அமைப்பாகும். உலக சாம்பியன் போட்டியிலோ ஒலிம்பிக்கிலோ எந்த நாடும் ஒரு பிரிவில் மூன்று பேருக்கு மேல் நிறுத்த முடியாது என்பதும், அந்த மூன்று இடங்களையும் முந்தைய ஆண்டின் உலகப் போட்டியில் அந்நாட்டவர் பெற்ற தரவரிசையின் மூலம் ஈட்டிக்கொள்ள வேண்டும் என்பதும் அதன் விதி. பல ஆண்டுகளாக நடைமுறையில் இருந்த கணக்கின்படி, ஒரு நாட்டின் சிறந்த இருவர் பெற்ற இடங்களின் கூட்டுத்தொகை 13 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் அடுத்த ஆண்டு மூன்று இடங்களும், 14 முதல் 28 வரை இருந்தால் இரண்டு இடங்களும், அதைத் தாண்டினால் ஒரே இடமும் கிடைக்கும். ஒருவர் மட்டுமே சென்றிருந்தால், அவர் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தால் மூன்று இடங்களும், பத்தாம் இடத்துக்குள் வந்தால் இரண்டு இடங்களும் உண்டு. இவ்வாறு ஈட்டப்படும் இடம் நாட்டுக்குச் சொந்தமே தவிர, அதை ஈட்டித் தந்தவருக்குச் சொந்தமன்று. இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளாமல் அமெரிக்கத் தேர்வுச் சர்ச்சைகளில் ஒன்றைக்கூடப் புரிந்துகொள்ள இயலாது.

1921-இல் அமைந்த அமெரிக்க ஃபிகர் ஸ்கேட்டிங் சங்கம், ஆண்டுதோறும் ஜனவரியை ஒட்டி நடக்கும் தேசிய சாம்பியன் போட்டியின் வரிசையையே பெரும்பாலும் பின்பற்றி அணியை அனுப்பி வந்தது. 1961 ஜனவரியில் கொலராடோ ஸ்பிரிங்ஸில் நடந்த தேசியப் போட்டியிலிருந்து அமைந்த அணியும் அத்தகையதே. ஆண்கள் பிரிவில் மூன்றாம் இடம் பெற்ற டிம் பிரவுன் உடல்நலக் குறைவால் விலக, நான்காம் இடத்திலிருந்த டக்ளஸ் ராம்சே அவருடைய இடத்துக்கு வந்தார். பிராகில் நடக்கவிருந்த உலகப் போட்டிக்காக அந்த அணியை ஏற்றிச் சென்ற சபீனா நிறுவனத்தின் 548-ஆம் எண் விமானம் பிப்ரவரி 15 அன்று பிரஸ்ஸல்ஸ் அருகே விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 72 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இறந்தவர்களில் 18 பேர் அமெரிக்க அணியின் ஸ்கேட்டர்கள், ராம்சேயும் அவர்களுள் ஒருவர். அந்த ஆண்டின் உலகப் போட்டியே கைவிடப்பட்டது. பயிற்சியாளர்களும் அதிகாரிகளும்கூட அணியோடு மாண்டதால், அடுத்த சில ஆண்டுகள் சங்கத்துக்கு இருந்த கவலை யாரை விடுவது என்பதன்று, அனுப்புவதற்கு ஆள் இருக்கிறதா என்பதே.

திறமையாளர்கள் மீண்டும் பெருகிய பின்னரே தேர்வு ஒரு வழக்காக மாறியது. தேசிய வரிசையை மீறும் அதிகாரம் சங்கத்தின் சர்வதேசக் குழுவுக்கு உண்டு. காயமுற்ற ஒருவர் மனுக் கொடுத்து, போட்டியிடாமலேயே இடம் கோரவும் முடியும். 1992-இல் ஓர்லாண்டோவில் நடந்த தேசியப் போட்டியிலிருந்து முதுகுவலியால் விலகிய டாட் எல்ட்ரெட்ஜ் இவ்வாறு ஒலிம்பிக் அணியில் சேர்க்கப்பட, அங்கே மூன்றாம் இடம் பெற்றிருந்த மார்க் மிட்செல் வெளியே நிறுத்தப்பட்டார். ஆல்பர்ட்வில் ஒலிம்பிக்கில் எல்ட்ரெட்ஜுக்குப் பத்தாம் இடமே கிடைத்தது.

இரண்டே ஆண்டுகளில் அதே விதி உலகச் செய்தியானது. 1994 ஜனவரி 6 அன்று டெட்ராய்ட்டில் பயிற்சி முடித்து வந்த நான்சி கெரிகன் முழங்காலுக்கு மேலே தடியால் தாக்கப்பட்டார். அவர் இல்லாத தேசியப் போட்டியில் டோனியா ஹார்டிங் முதலிடமும், 13 வயதான மிஷெல் குவான் இரண்டாம் இடமும் பெற்றனர். அமெரிக்காவுக்கு அந்த ஆண்டின் லில்லெஹாமர் ஒலிம்பிக்கில் இரண்டே இடங்கள் இருந்த நிலையில், குழு ஹார்டிங்குடன் கெரிகனைச் சேர்த்து, குவானை மாற்று வீராங்கனையாக அறிவித்தது. தாக்குதலில் ஹார்டிங்கின் முன்னாள் கணவருக்குப் பங்கு இருந்தது பின்னர் வெளிப்பட்டதால், அவர் அணியில் நீடிக்கலாமா என்பது வழக்கறிஞர்கள் கைக்குப் போனது. ஆயினும் அவர் லில்லெஹாமருக்குச் சென்று எட்டாம் இடம் பெற, கெரிகன் வெள்ளி வென்றார். விசாரணைக்கு இடையூறு செய்ததாக ஹார்டிங் அதே ஆண்டு மார்ச்சில் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு, சங்கம் அவருடைய தேசியப் பட்டத்தைப் பறித்து ஆயுள் தடையும் விதித்தது. அன்று காத்திருக்கச் சொல்லப்பட்ட குவான் பிற்காலத்தில் ஐந்து முறை உலக சாம்பியனாகி, 2006-இல் தானே மனுதாரராக நின்றார் என்பது இந்த வரலாற்றின் குறும்புகளில் ஒன்று. காயத்தால் அவ்வாண்டுத் தேசியப் போட்டியைத் தவறவிட்ட அவருடைய ஆட்டத்தை ஐந்து பேர் கொண்ட குழு கலிஃபோர்னியாவில் நேரில் பார்த்து ஒப்புதல் தந்தது. தூரின் ஒலிம்பிக்கின் முதல் பயிற்சியிலேயே காயம் மீண்டும் தாக்கியதால் அவர் விலகிக்கொள்ள, தேசியப் போட்டியில் மூன்றாமவராக வந்தும் விடுபட்டிருந்த எமிலி ஹியூஸ் அவசரமாக வரவழைக்கப்பட்டு ஏழாம் இடம் பெற்றார்.

காயமும் குற்றமும் எல்லாம் விதிவிலக்குகள் என்று இவற்றை ஒதுக்கிவிடலாம். விதியின் இயல்பான போக்கையே காண வேண்டுமானால் ஆஷ்லி வாக்னர் என்ற ஒரு வீராங்கனையின் பத்தாண்டுகளைத் தொடர்ந்து பார்ப்பதே போதும். 2008 தேசியப் போட்டியில் 14 வயதான மிராய் நகாசு முதலிடம் பெற்றார். ஆனால் முந்தைய ஜூலை 1-க்குள் 15 வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற சர்வதேச விதி அவரையும், இரண்டாம் நான்காம் இடங்களில் இருந்தவர்களையும் உலகப் போட்டியிலிருந்து விலக்கியது. எனவே மூன்றாமவர் வாக்னரும், ஐந்தாமவர் பீபி லியாங்கும், ஏழாமவரான 2006-இன் உலக சாம்பியன் கிம்மி மெய்ஸ்னரும் ஸ்வீடனின் கோதென்பர்க்குக்குச் சென்றனர். அங்கே உள்நாட்டு வரிசை அப்படியே தலைகீழானது: மெய்ஸ்னர் ஏழாமிடம், லியாங் பத்தாமிடம், வாக்னர் பதினாறாமிடம். ஏழும் பத்தும் பதினேழு; அமெரிக்கப் பெண்கள் மூன்றாம் இடத்தை இழந்தனர். அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் சென்ற இருவரின் கூட்டுத்தொகையும் 16 ஆகிவிட, 2010 வான்கூவர் ஒலிம்பிக்குக்கும் இரண்டே இடங்கள் மிஞ்சின. அந்த ஒலிம்பிக்குக்கான தேசியப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றவர் வாக்னர். இல்லாத இடத்துக்கு அவர் மாற்று வீராங்கனையானார்.

இழந்த மூன்றாம் இடத்தை மீட்டதும் அவரே. 2013-இல் கனடாவின் லண்டன் நகரில் நடந்த உலகப் போட்டியில் வாக்னர் ஐந்தாமிடமும் கிரேசி கோல்டு ஆறாமிடமும் பெற்று, 11 என்ற கூட்டுத்தொகையால் சோச்சி ஒலிம்பிக்குக்கு மூன்று இடங்களை உறுதிசெய்தனர். அந்த டிசம்பரில் கிராண்ட் பிரீ இறுதிப் போட்டியில், அதாவது பருவத்தின் தொடர் போட்டிகளில் தேறிய ஆறு பேர் மட்டும் மோதும் போட்டியில், வாக்னர் வெண்கலமும் வென்றார். ஆனால் 2014 ஜனவரியில் பாஸ்டனில் நடந்த தேசியப் போட்டியின் நெடு நிகழ்ச்சியில் இரண்டு முறை விழுந்து நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். முதலிடம் கோல்டுக்கும், இரண்டாமிடம் 15 வயதான பொலினா எட்மண்ட்ஸுக்கும், மூன்றாமிடம் நகாசுவுக்கும் கிடைத்தன. குழு அறிவித்த அணியில் முதல் இருவரோடு வாக்னர் பெயர் இருந்தது. நகாசு மாற்று வீராங்கனை ஆனார். காயம் எதுவும் காரணமாகக் காட்டப்படாமல், போட்டியிட்டு முடித்த ஒருவரை அவருக்கு மேலே நின்றவரைத் தாண்டி ஒலிம்பிக்குக்கு எடுத்ததுதான் பொதுமக்களைத் திகைக்கவைத்தது.

குழுவின் வாதத்தில் வலு இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. உள்நாட்டு நடுவர்கள் தாராளமாக இடும் மதிப்பெண்களைச் சர்வதேச ஒன்றியம் கணக்கில் கொள்வதே இல்லை. உலகப் போட்டிக்குத் தேவையான குறைந்தபட்சத் தொழில்நுட்ப மதிப்பெண்ணைக்கூடச் சர்வதேசப் போட்டிகளில்தான் ஈட்டியாக வேண்டும். ஓராண்டுச் சர்வதேச முடிவுகளை வைத்துப் பார்த்தால் வாக்னருக்கு நகாசு இணையாகவில்லை. சோச்சியில் வாக்னர் ஏழாமிடம் பெற்றதோடு, அணிப் போட்டியின் வெண்கலத்திலும் பங்கு பெற்றார். குழுவின் தவறு வேறிடத்தில் இருக்கிறது. தேசியப் போட்டி இறுதித் தேர்வு அன்று, பல சான்றுகளுள் ஒன்று மட்டுமே என்பது எழுத்தில் இருந்தும், ஆண்டுக்கணக்கில் அந்த வரிசையையே ஏற்று வந்ததால், அரங்கில் அமர்ந்திருந்தவர்களும் பனித்தளத்தில் ஆடியவர்களும் அதையே தேர்வாக நம்பினார்கள்; அந்த நம்பிக்கையைச் சங்கம் திருத்த முயன்றதாகத் தெரியவில்லை. போட்டியின் நிறைவில் நடந்த காட்சி நிகழ்ச்சியில் நகாசு கண்ணீரோடு ஆடியபோது பாஸ்டன் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டியது அவருடைய ஆட்டத்துக்காக மட்டும் இருந்திருக்க முடியாது.

இதற்கு நேர்மாறான முறையும் அமெரிக்காவிலேயே உண்டு. தடகளத்தில் தகுதிப் போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வருபவரே ஒலிம்பிக்குக்குச் செல்வர். 1992-இல், அப்போதைய உலக சாம்பியனான டெகாத்லான் வீரர் டான் ஓ'பிரையன் கோலூன்றித் தாண்டுதலில் ஓர் உயரத்தைக்கூடத் தாண்டாததால் பார்சிலோனாவுக்குப் போகாமல், சில வாரங்களில் உலக சாதனை படைத்தார். அந்த முறை இரக்கமற்றது, ஆனால் எவரும் அதைப் பாரபட்சம் என்று சொல்ல இயலாது.

குழுவிடம் முழு அதிகாரத்தையும் விட்டுவிடுவது எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு ரஷ்யா சான்று. 2013 உலகப் போட்டிக்குத் தேசிய வரிசையில் ஐந்தாமவரான மாக்சிம் கோவ்துனை அது அனுப்ப, அவர் பதினேழாம் இடமே பெற்றதால், சொந்த மண்ணில் நடந்த சோச்சி ஒலிம்பிக்கில் ஆண்கள் பிரிவில் ரஷ்யாவுக்கு ஒரே இடம்தான் கிடைத்தது. அந்த ஒலிம்பிக் பருவத்தில் தேசிய சாம்பியனானவர் கோவ்துன். ஆனால் மூடிய கதவுகளுக்குள் நடந்த சோதனை ஆட்டத்துக்குப் பிறகு இடம் யெவ்கேனி பிளஷென்கோவுக்குத் தரப்பட்டது. அணிப் போட்டியில் தங்கம் பெற உதவிய பிளஷென்கோ, முதுகு வலியால் தனிப் போட்டி தொடங்கும் தருணத்தில் விலகினார். மாற்று ஆளை இறக்க நேரமில்லாததால், போட்டியை நடத்திய நாட்டின் ஆண்களில் ஒருவர்கூட அதில் ஆடவில்லை. ஜப்பானிலும் அதே பருவத்தில் தேசியப் போட்டியின் மூன்றாமவரான தகாஹிகோ கொசுகாவை விட்டு ஐந்தாமவரான தைசுகே தகாஹாஷியை எடுத்தார்கள்.

பாஸ்டன் சர்ச்சைக்குப் பின் அமெரிக்கச் சங்கம், எந்தெந்தப் போட்டி முடிவுகளை எந்த வரிசையில் மதிப்பிடும் என்பதைத் தெளிவாக வகைப்படுத்தியது. அந்த அளவுகோலே 2018 ஒலிம்பிக்குக்கான ஆண்கள் பிரிவில் தேசிய இரண்டாமவரான ராஸ் மைனரை வெளியே நிறுத்தி, நான்காமவரான ஆடம் ரிப்பனை உள்ளே கொண்டுவந்தது. ரிப்பன் அந்தப் பருவத்தில் இரு கிராண்ட் பிரீ வெள்ளிகளை வென்று இறுதிப் போட்டிக்கும் தகுதி பெற்றிருந்தார். அந்த மூன்று இடங்களும் 2017-இல் ஹெல்சின்கியில் நடந்த உலகப் போட்டியில் ஆறாமவரான நேதன் சென்னும் ஏழாமவரான ஜேசன் பிரவுனும் சேர்ந்து, எல்லையான 13-ஐச் சரியாகத் தொட்டு ஈட்டியவை. பிரவுன் ஓரிடம் பின்னே போயிருந்தாலும் மூன்றாம் இடம் இருந்திருக்காது. ஆனால் பிரவுன் 2018 தேசியப் போட்டியில் ஆறாமிடம் பெற்று வீட்டிலேயே இருந்தார். பெண்கள் பிரிவில் ஹெல்சின்கியில் கேரன் சென் நான்காமிடமும் வாக்னர் ஏழாமிடமும் பெற்று மூன்று இடங்களைக் கொண்டுவந்தனர். 2016-இல் அதே பாஸ்டனில் உலக வெள்ளி வென்று, பத்தாண்டுகளாக அமெரிக்கப் பெண்களுக்குக் கிட்டாத பதக்கத்தை மீட்டவர் வாக்னர். ஆயினும் 2018-இலும் தேசிய வரிசையில் நான்காமவராக வந்த அவர், தனக்கு இட்ட மதிப்பெண்களை வெளிப்படையாகக் கடிந்துகொண்டும் பயனின்றி விடுபட்டார். இம்முறை முதல் மூவரையே குழு ஏற்றது. அம்மூவரில் இரண்டாமவரான நகாசு, பியோங்சாங்கில் மூன்றரைச் சுற்று ஆக்ஸல் தாவலை முடித்து, ஒலிம்பிக்கில் அதைச் செய்த முதல் அமெரிக்கப் பெண்ணானார்.

2022-இல் தேசிய இரண்டாமவரான 17 வயது இலியா மாலினினை விட்டு மூன்றாம், நான்காம் இடத்தவர்களைப் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு அனுப்பியபோது கூச்சல் எழுந்தாலும் 2014-இன் வேகம் அதில் இல்லை. அளவுகோல் முன்கூட்டியே அச்சில் இருந்ததே அதற்குக் காரணம் எனலாம். மாலினின் அந்த ஆண்டு உலகப் போட்டிக்கு அனுப்பப்பட்டு ஒன்பதாமிடம் பெற்றார். 2024-இலும் 2025-இலும் உலக சாம்பியனானார். குழு எடுத்த முடிவுகளில் பெரும்பாலானவை சர்வதேச முடிவுகளோடு பொருந்துபவையே. 2014 வரை அந்த முடிவுகளை எந்த நியாயத்தின் பேரில் எடுத்தது என்பதை ஆட்டத்துக்கு முன்பே சொல்லாமல் பின்னால் விளக்கியதே அமெரிக்கச் சங்கத்தின் மீது நிற்கும் குறை.