உப்பில்லாக் கொழுக்கட்டை

மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில் இருக்கும் வாசுதேவநல்லூருக்குச் சரித்திரத்தில் ஓர் இடம் உண்டு. பூலித்தேவரின் நெற்கட்டான்செவல் இதற்கு அருகில்தான் இருக்கிறது. 1767-ஆம் ஆண்டில் கர்னல் டொனால்ட் காம்ப்பெல் இவ்வூர்க் கோட்டையைப் பீரங்கி வைத்துத் தாக்கிய கதை, கும்பெனியாரின் கடிதங்களில் ஏறியிருக்கிறது. ஆனால் அந்தக் காலத்துப் பெண்கள் எதைக் கொண்டாடினார்கள், எப்படிக் கொண்டாடினார்கள் என்று எந்தக் கர்னலும் எழுதி வைக்கவில்லை. அவனைக் குறை கூறிப் பயனில்லை. எங்கள் திருநெல்வேலிச் சீமைப் பெண்களின் சொந்தக் கொண்டாட்டம் ஒன்றை, அவர்களைக் கட்டிய கணவன்மார்களே கண்ணால் பார்த்ததில்லை!

ஔவை நோன்பைத்தான் சொல்கிறேன். திருநெல்வேலியிலும் நாஞ்சில் நாட்டிலும் ஆடி, தை, மாசி மாதங்களில் செவ்வாய்க்கிழமை இரவில் நடப்பது இது. "மறந்தால் மாசி, தட்டினால் தை, அசந்தால் ஆடி" என்று வசனமே உண்டு. ஆண்கள் உண்டு உறங்கிய பிறகு, அக்கம் பக்கத்துப் பெண்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். பச்சரிசியை இடித்து, உப்பே சேர்க்காமல், விதவிதமான வடிவங்களில் கொழுக்கட்டை பிடித்து அவிப்பார்கள். வயதில் மூத்தவள் ஒருத்தி ஔவையின் கதையைச் சொல்ல, மற்றவர்கள் கேட்பார்கள். பிறகு கொழுக்கட்டைகளைத் தாங்களே உண்டு தீர்ப்பார்கள். ஆண்கள் அதைத் தின்னக் கூடாது, பார்க்கவும் கூடாது. கைக்குழந்தையானாலும் ஆண் ஆண்தான்!

என் சிறு வயதில் அந்த இரவுகளில் எங்களைப் பக்கத்து வீட்டுத் திண்ணைக்குத் துரத்திவிடுவார்கள். உலக்கைச் சத்தமும், நடுவே எழும் சிரிப்பும் மட்டும் காதில் விழும். பகலில் அத்தனை உரக்கச் சிரித்து நான் கேட்டிராத பெண்களின் சிரிப்பு அது.

இந்த ஔவை யார்? அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன சங்கப் புலவர் ஒருவர். ஆத்திசூடி பாடியவர் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த மற்றொருவர். 1953-இல் ஜெமினியார் எடுத்த படத்தில் கே. பி. சுந்தராம்பாள் எல்லோரையும் ஒரே கிழவியாக்கிக் காட்டினார். நாஞ்சில் நாட்டிலோ ஔவையாரம்மனுக்குக் கோயிலே இருக்கிறது. அரசனுக்குப் புத்தி சொன்ன பெண்ணைத் தெய்வமாக்கி, அவளை நடுவில் வைத்து அடுப்பு மூட்டியவர்கள் நம் பாட்டிமார்கள்.

நோன்பின் பலன் கணவன் நலம், பிள்ளைப் பேறு, கன்னியருக்கு நல்ல வரன் என்பார்கள். தங்களுக்கென்று கிடைத்த ஓர் இரவிலும் பிறருக்காகவே வேண்டிக் கொண்டார்களே என்று நினைத்தால் மனம் கனக்கத்தான் செய்கிறது. ஆனால் மற்றொன்றையும் கவனியுங்கள். மற்ற நாளெல்லாம் பிறருக்குப் படைத்துவிட்டு மிச்சத்தை உண்டவள், அன்றைக்குத் தானே சமைத்துத் தானே உண்கிறாள். உப்புப் போதுமா என்று யாருடைய முகத்தையும் பார்த்து நிற்க வேண்டியதில்லை. உப்பை விட்டதற்குக் காரணம் இதுவாக இருக்குமோ என்பது என் சொந்த ஊகம்!

1910-இல் கோபன்ஹேகன் மாநாட்டில் கிளாரா ஜெட்கின் முதலியோர் மகளிர் தினத்தை முன்மொழிந்தார்கள். 1977-இல் ஐக்கிய நாடுகள் சபை அதை ஏற்றுத் தீர்மானம் செய்தது. ஓட்டுரிமையும் கூலியுரிமையும் கேட்டுப் பிறந்த நாள் அது. அதன் பெருமை பெருமைதான். இப்போது மார்ச் 8-ஆம் தேதி நம் ஊர்களிலும் சமையல் போட்டி வைக்கிறார்கள். ருசி பார்த்து மார்க் போட ஓர் ஆண்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஔவை நோன்பில் அந்த நாற்காலிக்கு இடமே இல்லை. வாசுதேவநல்லூர்ச் சிந்தாமணிநாதர் கோயிலில் மூலவரே அர்த்தநாரீசுவரர். அங்கே இறைவன் பாதி உடலைக் கொடுத்தான். இங்கே பெண்கள் முழு இரவையும் எடுத்துக் கொண்டார்கள்.

கல்வெட்டில் இல்லாதது, கும்பெனிக் கடிதத்தில் இல்லாதது, வாயிலிருந்து காதுக்குப் போய்த்தான் பிழைக்க வேண்டும். கதை தெரிந்த பாட்டி போய்விட்டால் கதையும் போய்விடும். ஆகையால் பெண்மணிகளே, உங்கள் வீட்டில் அந்தக் கதை தெரிந்தவர் இருந்தால், வரும் ஆடிக்குள் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம்.