ஃபிட்ஸ்ராய் கிராசிங்

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி வட்டாரத்தில், புரூம் நகருக்குக் கிழக்கே சுமார் 400 கி.மீ. தொலைவில், ஃபிட்ஸ்ராய் ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர். புனுபா உள்ளிட்ட பழங்குடியினரின் மண். 2023 ஜனவரி வெள்ளத்தில் உடைந்த பாலத்துக்குப் பதிலாக அவ்வாண்டு டிசம்பரிலேயே புதுப்பாலம் திறக்கப்பட்டது.

ஊரைவிடச் சுற்றுப்புறமே பயணிகளை இழுக்கிறது. அருகிலுள்ள டாங்கு கீக்கி பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறைகள் டெவோனியன் காலக் கடலில் உருவான திட்டுகள். ஆண்டுதோறும் ஏறும் வெள்ளம் உரசியுரசி அவற்றின் அடிப்பகுதி வெளுத்திருக்கும். படகுச் சவாரியில் நன்னீர் முதலைகளைக் காணலாம். கடலுக்கு இத்தனை தொலைவில் வேளா மீனும் வாழ்வதுதான் வியப்பு.

வடமேற்கே உள்ள டனல் கிரீக் சுமார் 750 மீட்டர் நீளக் குகை ஓடை. கைவிளக்குடன் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். குடியேறிகளை எதிர்த்த புனுபா வீரர் ஜண்டமாரா பதுங்கியிருந்ததும், 1897இல் கொல்லப்பட்டதும் இங்கேதான். மே முதல் செப்டம்பர் வரையான வறண்ட காலமே பயணத்துக்கு ஏற்றது. மழைக்காலத்தில் மண்சாலைகள் மூடப்படும்.